கடலைப் பாலாக்கிய பின்னேரம்

அவள் என்னிடம் கேட்டது ஒரேயொரு படம். தன்னையும் இரண்டு பிள்ளைகளையும் கடற்கரையில் நிற்கவைத்து, முகம் தெரிய, ஒரு படம். "அம்மாட்டக் குடுக்கிறதுக்கு" என்றாள். என் கையில் கமரா இருந்தது. பின்னேர வெயில் இருந்தது. அவர்கள் மூன்று பேரும் என் முன்னாலேயே நின்றார்கள். ஒரு படத்துக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? ஆனாலும் அந்தப் படம் என்னிடம் இல்லை. இருப்பதெல்லாம் கடல். பால் மாதிரி வெளுத்து, வழவழவென்று, அலையே இல்லாத கடல். நிறைய இருக்கிறது.

நான் அவசரக்காரி. சோறு ஆறும்வரை பொறுக்க மாட்டேன், பஸ் நிற்கமுதல் படியில் நிற்பேன், ஒருவர் கதை சொல்லத் தொடங்கினால் முடிவை நான் சொல்லிவிடுவேன். எட்டாம் மாதத்திலேயே பிறந்ததும் அந்த அவசரத்தில்தான் என்று அம்மா சொல்லுவா. இப்படிப்பட்ட எனக்கு எப்படி இந்த ஆறுதலான வேலையில் பைத்தியம் பிடித்தது என்று எனக்கே விளங்கவில்லை. படிப்பு முடிந்து, பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வேலை எப்போது வரும் என்று வீட்டில் சும்மா இருந்த காலம். பிரான்சில் இருக்கிற மச்சாள் தான் பாவித்து அலுத்த கமரா ஒன்றை ஊருக்கு வந்த ஒருவரிடம் குடுத்துவிட்டிருந்தாள். முதல் கிழமை கழுதைகளைப் படம் எடுத்தேன். எங்கள் தீவில் கமரா வாங்குகிற எல்லாரும் முதலில் கழுதையைத்தான் எடுப்பார்கள். இரண்டாம் கிழமை, போனில் யாரோ வெளிநாட்டுக்காரன் தண்ணீரைப் படம் எடுக்கிற வீடியோ ஒன்றைப் பார்த்தேன். அன்றோடு கழுதைகள் தப்பின.

விசயம் லேசானதுதான். கமராவுக்குள் ஒரு சின்னக் கதவு இருக்கிறது. வழக்கமாக அது கண் வெட்டுகிறதைவிடக் கெதியாகத் திறந்து மூடும். அந்தக் கதவைத் திறந்தபடியே விட்டால், எதிரே அசையாமல் நிற்பதெல்லாம் அப்படியே பதியும். அசைவதெல்லாம் தன்மேல் தானே பூசுப்பட்டுக் கரைந்துபோகும். ஆர்ப்பரிக்கிற அலையைப் படத்தில் மூடுபனியாக்கலாம். கொந்தளிக்கிற தண்ணீரைக் கண்ணாடியாக்கலாம். முதன்முதலில் அது எனக்குச் சரிவந்த அன்றைக்கு நான் கரையில் நின்று துள்ளினேன். வலையிலிருந்து மீன் பிரித்துக்கொண்டிருந்த அண்ணை ஒருவர் தலையை நிமிர்த்தி, "என்ன தங்கச்சி, சுறா கிடைச்சிட்டுதோ?" என்று கேட்டார். படத்தைக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார். "இது எந்த ஊர்க் குளம்?" என்றார்.

பகலில் இந்த வேலை செய்வதில் ஒரு இடைஞ்சல் உண்டு. மன்னார் வெயிலில் கதவைக் கொஞ்சநேரம் திறந்துவிட்டாலே படம் வெள்ளைக் கடுதாசியாகிவிடும். வில்லைக்கு முன்னால் கறுத்தக் கண்ணாடி ஒன்று போடவேண்டும். அது பெற்றோலுக்கும் காஸுக்கும் பால்மாவுக்கும் நாடு முழுக்க வரிசையில் நின்ற வருசம். கொழும்பிலேயே கமராச் சாமான் இல்லை என்றார்கள். நான் மன்னார் ரவுனில் ஒரு ஹாட்வெயார் கடைக்குப் போய் வெல்டிங் கண்ணாடி வாங்கினேன். வெல்டிங் செய்கிறவர்கள் முகமூடிக்குள் வைப்பார்களே, அந்தச் சதுரக் கண்ணாடி. கடைக்காரர், "வீட்டில ஆர் பிள்ளை வெல்டிங் செய்யிறது?" என்றார். "நான்தான்" என்றேன்.

அந்தக் கண்ணாடியை வில்லையின்மேல் வைத்து, வயர் சுற்றுகிற கறுப்பு ரேப்பால் நாலு பக்கமும் வெளிச்சம் புகாமல் ஒட்டவேண்டும். ஒட்டமுதலே எதை எடுக்கப்போகிறேன் என்று பார்த்துக் கமராவைச் சரிசெய்து வைத்துவிட வேண்டும், ஏனென்றால் ஒட்டின பிறகு கமராவுக்குள்ளால் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சுத்த இருட்டு. கழற்றினால் திரும்ப முதலிலிருந்து எல்லாம் செய்யவேண்டும், உப்புக்காற்றில் ரேப்பும் இரண்டாம் தரம் ஒட்டாது. ஆகவே ஒருக்கால் ஒட்டினால் ஒட்டினதுதான். படமெல்லாம் பச்சையாக வரும், அதைப் பிறகு கம்பியூட்டரில் மாற்றலாம்.

அடுத்தது, நேரம் எண்ணுவது. போனில் எண்ணலாம், ஆனால் கரண்ட் கட்டில் போனுக்குச் சார்ஜ் இருக்காது. கைக்கு மணிக்கூடு கட்டுகிற பழக்கம் எனக்கில்லை. எனக்குத் தெரிந்த ஒரே அளவு செபமாலை. பின்னேரம் பின்னேரமாகச் சொல்லி வளர்ந்த வாய், கூட்டாமல் குறைக்காமல் ஒரே வேகத்தில் போகும். ஒரு "அருள் நிறைந்த மரியே"க்கு அலை நுரை மட்டும் இழுபடும். மூன்று சொன்னால் நுரை பஞ்சாகும். பத்தும் சொல்லி முடித்தால் கடல் பால். வயரில் தொங்குகிற பொத்தானை அமத்திப் பிடித்தபடி, கடலைப் பார்த்து வாய்விட்டு நான் செபம் சொல்லிக்கொண்டு நிற்பதைக் கண்டவர்கள், எனக்கு வேலை கிடைக்காத கவலையில் இப்படி ஆகிவிட்டது என்று அம்மாவிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

அவளைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பள்ளிக்கூட வாங்கில் என் பக்கத்தில் இருந்தவள். என்னைவிடக் கெட்டிக்காரி, ஆனால் நான் பல்கலைக்கழகம் போனபோது அவள் கலியாணம் கட்டினாள். புருசன் கடல் தொழில். ஒரு மகள், வாயைத் திறந்தால் மூடாத வயது. ஒரு மகன், கைக்குழந்தை. எங்கள் ஒழுங்கையிலேயே, பக்கத்து வீடான அவளுடைய அம்மாவின் வீட்டில் எல்லாரும் ஒன்றாக இருந்தார்கள். அவளுடைய அம்மாவை நான் மாமி என்பேன். மாமி தையல்காரி. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நத்தார்ப் பெருநாள் உடுப்பு, முதல்நன்மை உடுப்பு எல்லாம் அவவுடைய மெசினில்தான்.

அந்த வருசம் எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் இல்லை. அவள் புருசனுடைய போட் கரையில் கவிழ்ந்து கிடந்தது. பிள்ளைக்குப் பால்மா தேடி அவள் பேசாலைக்கும் ரவுனுக்கும் அலைந்தாள். மாமி, அடம்பனில் இருக்கிற தன் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தா. அங்கே நெல் வெட்டுக்காலம், கூடமாட நின்றால் ஒரு மூட்டை அரிசியாவது கொண்டு வரலாம் என்று. ஊரில் சில வீடுகள் திடீரென்று வெறுமையாவதை நாங்கள் கேள்விப்பட்டுக்கொண்டிருந்தோம். தலைமன்னார்ப் பக்கம், பேசாலைப் பக்கம். நேவியின் கண்ணில் படாமல் இராவோடு இராவாகப் போட் ஏறிக் கடலுக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறார்கள் என்று. கேள்விப்படுவது வேறு. பக்கத்து வீட்டை அப்படி நினைப்பது வேறு.

எங்கள் கரையில் பழைய வாடி ஒன்றின் தூண்கள் கடலுக்குள் நிற்கின்றன. வாடி என்றால் கடல் தொழிலுக்குப் போகிறவர்கள் கரையில் போடுகிற கொட்டில். கடல் கரையை அரிக்க அரிக்கக் கூரை போய், கிடுகு போய், தூண்கள் மட்டும் தண்ணீருக்குள் மிஞ்சிவிட்டன. அந்தத் தூண்களும் அவற்றைச் சுற்றிப் பால் மாதிரி ஒரு கடலும்தான் அந்தக் கிழமை முழுக்க என் மண்டைக்குள். ஒரு பின்னேரம் எல்லாம் ஒத்துவந்தது. வெயில் சாய்வாக விழுந்தது, அலை அளவாக அடித்தது, கரண்ட் வந்துபோன இடைவெளியில் கமரா பற்றரி பாதியளவுக்கு ஏறியிருந்தது. கமராவின் மூன்றுகால் ஸ்ராண்டை மணலில் ஊன்றி, தூண்களைப் பார்த்துச் சரிசெய்து, கண்ணாடியை ஒட்டி, முதல் பத்தைத் தொடங்கினேன்.

பாதியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. "கடலுக்குச் செபமாலை சொல்லுறாள், பார் மகள், உன்ர அன்ரிக்கு முத்திப்போச்சு."

நான் கையைக் காட்டிப் பொறு என்றேன். பத்தும் முடித்துப் பொத்தானை விட்டுவிட்டுத்தான் திரும்பினேன். மகன் அவள் இடுப்பில். மகள் சிவப்பு உடுப்பில். மாமி நத்தாருக்குத் தைத்த உடுப்பு, கழுத்தில் வெள்ளை றேந்தைப் பின்னல் வைத்தது. காலில் புதுச் செருப்பு. அவளும் கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டியிருந்தாள்.

"என்னடி, இண்டைக்கு என்ன திருநாள்?" என்றேன்.

"பெட்டிக்குள்ள கிடந்து பழுதாப்போகுது. போட்டு விட்டனான்."

அவ்வளவுதான் கேட்டேன். ஒரு சாதாரண நாளில், பால்மா இல்லாத ஒரு கிழமையில், நத்தார் உடுப்புப் போட்டுக்கொண்டு ஒருத்தி கடற்கரைக்கு வருகிறாள், எனக்கு அதற்குமேல் ஒன்றும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, அந்தச் சிவப்பு என் படத்தைக் குழப்பும் என்பதுதான். "கொஞ்சம் அங்கால நில்லடி, படத்துக்குள்ள நிக்கிறாய்" என்றேன். அவள் விலகினாள். மகள் விலகவில்லை. கமராவுக்கு முன்னாலேயே தண்ணீரை உதைத்துக்கொண்டு அங்கும் இங்கும் ஓடினாள்.

"இஞ்ச வாடி, அன்ரி ஏசப்போறா" என்று அவள் கூப்பிட்டாள்.

"விடு, ஓடட்டும். ஓடுறவள் படத்தில விழ மாட்டாள்" என்றேன்.

"என்னது?"

"கதவு கன நேரம் திறந்திருக்குது. அசையாததுதான் விழும். ஓடுற ஆக்கள் காத்து மாதிரி."

"ஒண்டும் தெரியாதோ? நிழல்கூட?"

"நிழல்கூட இல்லை."

அவள் கொஞ்சநேரம் கடலையே பார்த்தாள். "அப்ப நேவிக்காரருக்கு உப்பிடி ஒரு கமரா வாங்கிக் குடுக்கவேணுமடி" என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நல்ல பகிடி என்று நினைத்தேன். பத்தைத் திரும்பத் தொடங்கினேன்.

கவிழ்ந்து கிடந்த போட்டில் அவள் குந்திக்கொண்டு, மகனை மடியில் வைத்து ஆட்டினாள். நான் இன்னொரு படம் எடுத்தேன். இன்னொன்று. ஒவ்வொரு தரமும் திரையில் கடல் இன்னும் கொஞ்சம் வழவழப்பாக வந்தது. எனக்கு உலகமே தெரியவில்லை. அப்போதுதான் கேட்டாள், தங்களை ஒரு படம் எடுத்துத் தரச்சொல்லி, அம்மாவிடம் குடுப்பதற்கு.

"நாளைக்கு வாவனடி. காலமை வெளிச்சம்தான் முகத்துக்கு வடிவு. இப்ப இந்தக் கண்ணாடியைக் கழட்டினால் பேந்து ஒட்டேலாது. வெயிலும் போகப்போகுது."

"இல்லை, இப்ப எடு. உடுப்புப் போட்டாச்சு."

"நாளைக்கும் போடலாம்தானே?"

"எடடி" என்றாள். அதில் ஒரு கெஞ்சல் இருந்ததா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். இருந்திருக்கவேண்டும். எனக்குக் கேட்டது, என்னை இடைஞ்சல்படுத்துகிற ஒரு குரல்.

கண்ணாடியைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை. கழற்றாமலே எடுக்க ஒரு வழி இருந்தது. கமராவில் வெளிச்சத்துக்கான எண்களைக் கூட்டிவிட்டு, கதவைக் குறைந்த நேரம் திறந்தால் போதும். பாதி அருள் நிறைந்த மரியே. அந்தளவுக்கு அசையாமல் நின்றால் முகம் விழும். ஸ்ராண்டை அப்படியே தூக்கிக் கொஞ்சம் திருப்பி, குத்துமதிப்பாக அவர்களுக்கு நேரே வைத்தேன். கமராவுக்குள்ளால் பார்த்தால் இருட்டுத்தான். அவளுடைய முகத்தை நான் வில்லைக்குள்ளால் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

"மூச்சு விடாதை. சிரியாதை. கண் வெட்டாதை" என்றேன்.

"செத்தவள் மாதிரி நிக்கச் சொல்லுறாய்" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து நின்றாள். மகளைப் பார்த்து, "அசையக்கூடாது. காலை எடுத்தியெண்டால் அடி விழும்" என்றாள்.

நான் பொத்தானை அமத்திக்கொண்டு வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினேன். இங்கேதான் நான் யோசிக்காத ஒரு விசயம். எங்கள் வீடுகளில் செபமாலை சொல்லும்போது ஒருவர்தான் முதல் பாதியைச் சொல்லுவார். மற்ற எல்லாரும் சேர்ந்து "புனித மரியே" என்று மறுபாதியைச் சொல்லுவார்கள். நடக்கப் பழகமுதலே பழகுகிற விசயம் இது. நித்திரைத் தூக்கத்திலும், அடுப்படியில் நின்றும், சண்டை பிடித்துக்கொண்டிருக்கும்போதும்கூட, முதல் பாதி காதில் விழுந்தால் வாய் தானாக மறுபாதிக்குப் போய்விடும். நான் முதல் பாதியை முடித்துப் பொத்தானை விடப்போன அந்த நொடிக்கு முன்னாலேயே அவள் வாய் திறந்துவிட்டது. சடங்காக இல்லை, கோயிலில் சொல்லுகிறமாதிரி, கடலைப் பார்த்தபடி, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். எனக்குத் திகைப்பில் விரல் எடுபடவில்லை.

"எடியே, வாயை மூடடி!" என்று கத்தினேன்.

அவள் பாதியில் நிறுத்தினாள். நான் பொத்தானை விட்டேன். அவள் சிரித்தாள். "பழக்கதோசமடி. நீ சொன்னால் நான் சொல்லாமல் என்ன செய்யிறது?" கதவு மூடின பிறகு வந்த சிரிப்பு. அதுவும் படத்தில் இல்லை.

திரையைப் பார்த்தேன். பச்சையும் இருட்டும். "பழுதாக்கிப் போட்டாய். நாளைக்கு வா, இந்தக் கண்ணாடியில்லாமல் வடிவா எடுத்துத் தாறன்" என்றேன்.

அவள் கிட்ட வந்து, என் பாவாடையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள். சின்னப்பிள்ளைக்குத் தட்டுகிறமாதிரி, இரண்டு பக்கமும். "சரி, உன்ர கடலைப் பார்" என்றாள். மகள் "ராட்டா அன்ரி" என்று கையசைத்தாள் என்று நினைக்கிறேன். நான் அப்போது ஸ்ராண்டைத் திரும்பத் தூண்கள் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தேன். வெயில் தண்ணீரைத் தொடப்போகிறது, ஒரு படத்துக்கு நேரம் இருந்தது. அந்தப் படம்தான் பிறகு இணையத்தில் எக்கச்சக்கமான ஆட்கள் பார்த்த படம். ஊரில் எனக்குப் பெயர் வாங்கித் தந்த படம்.

விடியப்புறம் அவர்கள் வீட்டுக் கோழிகள் எங்கள் முற்றத்தில் நின்றன. அம்மா கலைக்கப் போய், அந்த வீட்டுக் கதவு சும்மா சாத்தியிருப்பதைக் கண்டா. சட்டி பானையெல்லாம் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்ததாம். நான் பல் விளக்கிவிட்டு, கண்ணாடியில்லாமல் கமராவைத் துடைத்து, அவள் வருவாள் என்று ஆயத்தமாக இருந்தேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது. சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தேன்.

அவர்கள் பிழைத்தார்கள், அதை முதலே சொல்லிவிடுகிறேன். போட்காரன் அந்தப் பக்கத்து மணல்திட்டொன்றில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டானாம். பிள்ளைகளோடு தண்ணீருக்கு நடுவே நின்று, அங்கத்தைய கரைக்காவல்காரர் வந்து ஏற்றிப்போய், இப்போது அகதி முகாமில் இருக்கிறார்கள். ஆனால் இந்தச் செய்தி வருவதற்கு முன்னாலேயே மாமி அடம்பன் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டா, அரிசி மூட்டையோடு. போகப்போவதை அவவிடம் ஒருவரும் சொல்லவில்லை. சொன்னால் குழறி ஊரைக் கூட்டுவா, விடமாட்டா என்று அவள் பயந்திருக்கிறாள். மாமிக்கு எங்கள் ஒழுங்கையில் யாரோ சொன்னார்கள், முதல்நாள் பின்னேரம் அவளைக் கடைசியாகக் கண்டது நான்தான் என்று.

மூட்டையை இறக்கி வைத்த கையோடு வந்தா. "நீ கண்டனியோ, பிள்ளை?"

"ஓம் மாமி."

"பிள்ளையளுமோ?"

"ஓம் மாமி. சின்னவள் நீங்கள் தைச்ச உடுப்புத்தான் போட்டிருந்தவள்."

"கமராவோட நிண்டனியாம். படம் எடுத்தனியோ?"

எடுத்தேன் என்றேன். கம்பியூட்டரில் கிடக்கிறது, கரண்ட் வரட்டும், எடுத்துத் தருகிறேன் என்றேன்.

கரண்ட் வந்தது. பிறகு ஒழுங்காகவே வரத் தொடங்கியது. வரிசைகள் கரைந்தன, பால்மா கடைக்கு வந்தது, எனக்கு ரவுனில் ஒரு கந்தோரில் வேலையும் கிடைத்தது. சாட்டுச் சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. மாமி கேட்பதை விடவில்லை. மாமியிடம் அவளுடைய கலியாண அல்பம் இருக்கிறது, பேத்தியின் ஞானஸ்நானப் படம் இருக்கிறது. இப்போது போனிலும் முகம் பார்க்கலாம், அவள் என் போனுக்கு எடுத்தால் நான் ஓடிப்போய் மாமியிடம் குடுப்பேன். மாமிக்கு வேண்டியது அதொன்றும் இல்லை. தான் அடம்பனில் நெல்லுக்குள் நின்ற அந்தப் பின்னேரம், தனக்குத் தெரியாமல் போன அந்தப் பின்னேரம், தன் பிள்ளைகள் எப்படி நின்றார்கள் என்பது. அதைக் கண்ட கண் என்னுடையது மட்டும்தான்.

ஒருநாள் போனில் அவளும் கேட்டாள். "அம்மாட்டப் படத்தைக் குடுத்தனியோ?"

"அது பழுதடி. நீ வாயைத் திறந்திட்டாய்."

"பரவாயில்லை, குடு" என்றாள். "அதுக்காகத்தானே எடுக்கச் சொன்னனான்."

கம்பியூட்டரில் பச்சையைப் போக்கினேன். வெளிச்சத்தைக் கூட்டினேன். அவள் வந்தாள். மெல்ல மெல்ல, ஆளும் சேலையும் தோளும். மகன் ஒரு வெள்ளை உருண்டை. மகள்தான் வேடிக்கை. காலை எடுக்காதே என்று சொன்னதைப் பிள்ளை அச்சொட்டாகக் கேட்டிருக்கிறாள். கால் இரண்டும் மணலில் ஆணியடித்தமாதிரி, செருப்பின் பூக்கூடத் தெரிகிறது. முழங்காலுக்கு மேலே முழுக்கச் சிவப்புப் புகை. உடம்பை நெளித்து, கையை ஆட்டி, தலையைத் திருப்பி, செய்யக்கூடியதெல்லாம் செய்திருக்கிறாள்.

அதைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு ரவுனில் ஸ்ரூடியோவுக்குப் போனேன். ஸ்ரூடியோக்கார நானா பக்கத்துத் தாராபுரத்து முஸ்லிம் ஆள், வாய்க்காரர். திரையில் கண்டதும் கதிரையைப் பின்னுக்குத் தள்ளினார். "அல்லாஹ்வே! தங்கச்சி, கடல் எடுத்து முடிஞ்சு இப்ப பேய் எடுக்கத் தொடங்கிட்டீங்களோ? இல்லாட்டிச் செருப்புக் கொம்பனி விளம்பரமோ?"

நான் சிரிக்கவில்லை. விசயத்தைச் சொன்னேன். அவர் குரல் மாறிவிட்டது. "இவங்கட வேற படம் இருந்தால் கொண்டு வாங்கோ. முகத்தை வெட்டி இதில வைச்சுத் தாறன். ஒருத்தரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. பிள்ளைக்கும் வைக்கலாம், பேபிக்கும் வைக்கலாம்."

அவர் செய்வார், சுத்தமாகச் செய்வார். ஒரு நிமிசம் ஆசையாகத்தான் இருந்தது. ஞானஸ்நானப் படத்து முகத்தை அந்தச் செருப்புக்கு மேலே வைத்தால் மாமிக்குத் தெரியவா போகிறது? தெரியும். அவ தையல்காரி, ஒட்டு எங்கே இருக்கிறது என்று விரலால் தடவிச் சொல்லுவா. "இப்பிடியே அடிச்சுத் தாங்கோ" என்றேன். அந்தப் பின்னேரத்துக் கடல் படம் ஒன்றையும் சேர்த்து அடிக்கச் சொன்னேன், மகள் குறுக்கே ஓடின படம். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வெறுங்கையாகப் போகிறமாதிரி இருக்கக்கூடாது என்று நினைத்திருப்பேன்.

நத்தார் கிட்டின காலம். மாமி மெசினில் இருந்தா. சுற்றிவர ஊர்ப்பிள்ளைகளின் உடுப்புத் துணி, சிவப்பும் நீலமும். "இரு பிள்ளை" என்று ஊசியைத் தூக்கிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டா. நான் முதலில் கடல் படத்தைக் குடுத்தேன். கோழை.

"வடிவாக் கிடக்கு" என்றா. "இதில எங்க?"

"இதிலதான் மாமி சின்னவள் ஓடினவள். இந்தத் தூணுக்கும் இந்தத் தூணுக்கும் இடையில. கன நேரம் ஓடினவள்."

மாமி படத்தை யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தா. சரித்துப் பார்த்தா. பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தா. "எனக்குத் தெரியேல்லையே, பிள்ளை."

"தெரியாது மாமி. அசைஞ்சால் விழாது."

"அப்ப என்னத்துக்கு இப்பிடி எடுத்தனி?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டா. ஒரு தையலை ஏன் இப்படிப் போட்டாய் என்று பழகவந்த பிள்ளையிடம் கேட்கிறமாதிரி. நான் மற்றப் படத்தை நீட்டினேன்.

அதை மடியில் வைத்து வெகுநேரம் குனிந்திருந்தா. விரல் முதலில் செருப்புக்குப் போனது. "இது நான் மடுத் திருநாளுக்கு வாங்கிக் குடுத்தது" என்றா. சிவப்புப் புகையைத் தடவினா. "நிண்டிருப்பாளோ அவள்! ஆட்டுக்குட்டி." சின்னவனின் வெள்ளை உருண்டையைத் தடவினா. பிறகு தன் மகளின் முகத்துக்கு வந்தா. நெற்றியும் கண்ணும் தெளிவு, அவளேதான். மூக்குக்குக் கீழே எல்லாம் கலங்கியிருந்தது.

"இவளுக்கு ஏன் வாய் இப்பிடிக் கிடக்கு?"

"செபம் சொன்னவள் மாமி."

"என்ன செபம்?"

"நான் முதல் பாதி சொன்னனான். நேரம் எண்ண. அவள் மறுபாதி சொன்னவள்."

மாமி நிமிர்ந்து என்னைப் பார்த்தா. மறுபாதி என்ன என்று எங்கள் இருவருக்கும் தெரியும். இப்போதைக்கும், சாகிற நேரத்துக்கும் கேட்கிற மன்றாட்டு. இரவு பிள்ளைகளோடு கடலில் இறங்கப்போகிற ஒருத்தி அதை நிறுத்தி நிறுத்திச் சொல்லியிருக்கிறாள்.

"முழுக்கச் சொல்லி முடிச்சவளோ?" என்று கேட்டா.

மெசினுக்குக் கீழே ஒரு கோழி துணித்துண்டு ஒன்றைக் கொத்தி இழுத்துக்கொண்டிருந்தது. விடியப்புறம் எங்கள் முற்றத்தில் வந்து நின்ற கோழிகளில் ஒன்று. நான் அதையே பார்த்தேன்.

"ஓம் மாமி" என்றேன். "முடிச்சவள்."

மாமி தலையை ஆட்டினா. படத்தை என் கையில் தந்துவிட்டு, தேத்தண்ணி போட எழும்பிப் போனா. குசினியில் கேத்தல் வைக்கிற சத்தம் கேட்டது, மூக்கை உறிஞ்சுகிற சத்தமும். நான் படத்தோடு இருந்தேன். புகையாய்ப் போன ஒரு பிள்ளை, உருண்டையாய்ப் போன ஒரு பிள்ளை, வாயில்லாத என் சிநேகிதி. அவர்களுக்குப் பின்னால் கடல் மட்டும் நான் நினைத்தபடியே வந்திருந்தது.